குழந்தை நகம் கடிக்குதா? மிளகாய் தடவாதீங்க... இதை ட்ரை பண்ணுங்க!

டிவி பார்க்கும்போது குழந்தையின் கை தானாக வாய்க்குப் போகிறதா? பெரும்பாலும் தனக்கே தெரியாமல் செய்வதுதான் இது. 'கையை எடு'னு அதட்டினால் பதற்றம் கூடும். நகம் கடிப்பதும் கூடும். விரலில் மிளகாய் தடவும் பழைய வைத்தியமும் வேண்டாம். அதே கை கண்ணுக்கும் போகுமே!

எப்போது கடிக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனிங்க. அந்த நேரத்தில் கைக்கு வேலை கொடுங்க. ஸ்பான்ஞ் பந்தோ, சப்பாத்தி மாவு உருண்டையோ போதும். புதுசா ஸ்கூல் சேர்ந்த பிறகோ, தம்பிப் பாப்பா பிறந்த பிறகோ தொடங்கியிருந்தால், தூங்கும் முன் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுங்க.

நகத்தைப் பிசிறில்லாமல் வெட்டிவிடுங்க. பல நேரம் கடிக்கத் தூண்டுவதே அந்தப் பிசிறுதான். நக இடுக்கு அழுக்கோடு குடற்புழு முட்டையும் வயிற்றுக்குள் போகலாம். நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் அது நகச்சுத்தி, டாக்டரிடம் காட்டிடுங்க.