புத்தகத்தில் 1953, பின்லைட்டில் 1963

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கட வீட்டு ஷெட்டில் நிற்கும் மொரிஸ் மைனரை ஊரில் அநேகருக்குத் தெரியும். உங்களில் சிலர் மாப்பிள்ளையாக அதில்தான் போனீர்கள். போன மாதம் அதை வாங்க கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார் சேர்ப்பவர், மரியாதையான மனிதர். பிளேன்டீயைக் குடித்துவிட்டு, டோர்ச் லைட்டோடு காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். பிறகு கேட்டார்: "சேர், புத்தகத்தில 1953 என்று இருக்கு. இதில 53 எங்க இருக்கு?"

விரலை வைத்துக் காட்டினார். கிரில் 1954க்குப் பிந்தியது. முன் மட்கார்ட் இரண்டும், பின்லைட்டும் 1963 கடைசியில் வந்த மாதிரி. கதவுத்தூணில் சிக்னல் கை இருந்த ஓட்டை தகடு வைத்து அடைக்கப்பட்டிருக்கிறது. "மெச்சிங் கார் இல்ல சேர், கலப்பு" என்றார். சொன்ன விலை நாங்கள் நினைத்ததில் பாதி. எல்லாவற்றையும் கழற்றி 53க்குத் திருப்பினால் முழு விலை தருவாராம்.

நாநாவுக்கு அது சரியாகப்பட்டது. வாப்பா மௌத்தாகி மூன்று வருடம். ராத்தாவின் மகள் கம்பஸ் போகிறாள், பணம் தேவை. நான் வரலாறு படிப்பிக்கிறவன். ஒரு கிழமை தவணை கேட்டு, கார் புத்தகத்துக்குள் வாப்பா மடித்து வைத்திருந்த பில்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தேன்.

முதலில் காரின் கதை. மொரிஸ் மைனர் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். 1906இல் ஸ்மிர்னாவில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிரில், உதுமானிய ஆட்சிக் காலத்தில் பிறந்தவர். மினி காரும் பின்னால் இவர் வடிவமைத்ததுதான். மைனர் கிட்டத்தட்டத் தயாரான பிறகு, அகலம் போதாது என்று இஸ்ஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் நெடுக வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் கூட்டினார். பொனட்டின் நடுவில் ஓடும் அந்தத் தட்டையான பட்டி அப்படி வந்ததுதான். ஆனால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கனவே செய்யப்பட்டிருந்தன. வீசவா முடியும்? அவற்றையும் நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டை வைத்துப் பொருத்தி விற்றார்கள். ஆக, கம்பனியிலிருந்து புத்தம் புதிதாக வந்த முதல் மைனர்களே ஒட்டுப்போட்ட பம்பரோடு வந்தவை. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆரம்பத்தில் ஹெட்லைட் இரண்டும் கீழே, கிரில்லோடு இருந்தன. அமெரிக்கச் சட்டத்துக்கு அந்த உயரம் போதாது. ஏற்றுமதிக் கார்களில் லைட்டை மட்கார்ட்டுக்கு மேலே தூக்கினார்கள். 1951இலிருந்து எல்லா மைனரும் அப்படியே. 1952இல் ஒஸ்டின் கம்பனியோடு இணைந்ததும் 803 சிசி என்ஜின் வந்தது. 1954இல் கிரில் குறுக்குக் கம்பியாக மாறியது. 1956இல் மைனர் 1000. நடுவில் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒரே வளைந்த கண்ணாடியானது, பின்கண்ணாடியும் பெரிதானது. 1961இல் கதவுத்தூணிலிருந்து விரல் மாதிரி வெளியே நீளும் சிக்னல் கை போய், மினுங்கும் லைட் வந்தது. 1963 கடைசியில் முன் சைட் லைட்டும் பின்லைட்டும் பெரிதாகின. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. மொத்தம் சுமார் 16 இலட்சம் கார்.

இவ்வளவு மாற்றத்துக்கு நடுவிலும் உடம்பின் அடிப்படை மாறவில்லை. முன் மட்கார்ட், பின் மட்கார்ட், பொனட், கிரில் தட்டு எல்லாமே போல்ட் போட்டு இறுக்கியவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் 1965 காரின் மட்கார்ட்டை 1953 காருக்கு மாட்டலாம். முன்கண்ணாடி அப்படி இல்லை. அதை மாற்றுவதென்றால் கூரையின் முன் விளிம்பையே வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும்.

இனி எங்கட நாட்டுக் கதை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்கும் 1977க்கும் இடையில் நிலைமை இன்னும் இறுக்கம். பாணுக்கு வரிசையில் நின்ற காலம் அது, மைனருக்கு மட்கார்ட் யார் கொண்டுவருவது? நாட்டுக்குள் ஏற்கனவே இருந்த கார்கள்தான் கார்கள். ஒன்று செத்தால் அதன் உறுப்பு பத்துக் காருக்குப் போகும். பஞ்சிகாவத்தைக் கடைகள் அதற்குப் பெயர்போனவை. அங்கும் கிடைக்காததை எங்கட டிங்கர் பாஸ்மார் தகட்டை மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டி எடுத்தார்கள்.

பில்களுக்கு வருகிறேன். மூத்தாப்பா இந்தக் காரை வாங்கும்போதே அது இரண்டாம் கை. நம்பர் பிளேட்டில் ஆங்கில எழுத்து. அதாவது சிங்கள ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்திய பதிவு. (அந்த ஒரு எழுத்துக்காக 1957, 58இல் வடக்கிலும் கிழக்கிலும் என்ன நடந்தது என்பதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.) 1971 பில்லில் "கிரில் ஒன்று, பழசு" என்று இருக்கிறது. பழைய கிரில்லை மாடு முட்டி நெளித்ததாம், உம்மாவுக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. 1979இல் ஒரு லொறி இடது பக்கத்தில் இடித்தது. இடது மட்கார்ட் மட்டும்தான் நொறுங்கியது. ஆனால் கிடைத்தது பெரிய லைட் வைத்த பிந்திய மட்கார்ட். ஒரு பக்கம் சின்ன லைட், மறுபக்கம் பெரிய லைட் என்றால் பார்க்கச் சகிக்காது என்று பாஸ் சோடியாகவே வாங்கி வந்திருக்கிறார். பின்லைட்டும் அதோடு சேர்ந்து வந்ததுதான். சிக்னல் கை அடிக்கடி சிக்கிக்கொள்ளும், இரவில் யாருக்கும் தெரியாது. மூத்தாப்பாவே அதைக் கழற்றி அடைக்கச் சொன்னாராம்.

முன்கண்ணாடி மட்டும் இன்னமும் பிரிந்த கண்ணாடி. ஒற்றைக் கண்ணாடி போடலாமா என்று வாப்பா ஒருமுறை கேட்டிருக்கிறார். "கூரையை வெட்டினா பிறகு இது வேற கார்" என்று பாஸ் மறுத்துவிட்டாராம். எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று ஒரு கணக்கு அந்த மனிதரிடம் இருந்திருக்கிறது.

வந்தவர் சொன்ன "மெச்சிங்" என்ற சொல் அமெரிக்காவில் பெரிய விஷயம். அங்கே 1960களின் மஸில் கார்களுக்கு, தொழிற்சாலையில் பொருத்திய என்ஜின் நம்பரும் உடம்பு நம்பரும் ஒத்துப்போனால் விலை எங்கோ போகும். ஆனால் அங்கேயும் கதை அவ்வளவு சுத்தமில்லை. "டியூக்ஸ் ஒஃப் ஹஸார்ட்" தொலைக்காட்சித் தொடரில் (1979 – 1985) பறந்து பறந்து விழும் அந்தச் செம்மஞ்சள் கார், 1969 டொட்ஜ் சார்ஜர். குதித்துக் குதித்து நூற்றுக்கணக்கில் நொறுங்கின. 69 கார் கிடைக்காதபோது 1968 சார்ஜரை எடுத்து, நடுவில் பிரிப்புள்ள 69 கிரில்லையும், வட்டப் பின்லைட்டுக்குப் பதிலாக நீளப் பின்லைட்டையும் மாட்டி ஓட்டினார்கள். பார்த்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? கம்பனியே செய்ததும் உண்டு. ஓட்டப் போட்டிக்காக 1970இல் செய்த பிளைமவுத் சூப்பர்பேர்டின் கூரிய மூக்குக்குச் சொந்தப் பொனட் பொருந்தவில்லை. டொட்ஜ் கொரோனெட்டின் பொனட்டையும் முன் மட்கார்ட்டையும் எடுத்துத் திருத்திப் போட்டார்கள். இன்று அந்தக் கார் அசல்களிலேயே அசல் என்று பெரும் விலைக்குப் போகிறது.

வந்தவர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. அவர் காட்டிய ஒவ்வொன்றும் சரி. கலப்பு என்ற பெயரில் இங்கே களவும் நடக்கிறது. ஒரு காரின் சஸி நம்பரை வெட்டி இன்னொன்றில் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது குற்றம். மட்கார்ட் மாற்றுவதை அதோடு சேர்க்கக் கூடாது. எங்கட காரில் நம்பரும் புத்தகமும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைத் திருத்தி விற்ற சார்ள்ஸ் வெயார் என்பவர், புதுக் கார் வாங்குவதைவிடப் பழைய காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே புத்தி என்று வாதாடியவர். 1990களில் அவர் மைனரின் உடற்பாகங்களைச் செய்விக்கத் தேடி வந்த இடம் எங்கட தென்னிலங்கை. இங்கே அடித்த தகடுகள் இங்கிலாந்துக் கார்களில் ஏறின. இறக்குமதி இல்லாத காலத்தில் எங்கட பாஸ்மாரின் கை பழகிய வேலை அது. காரை 53க்குத் திருப்ப இங்கிலாந்திலிருந்து சாமான் எடுப்பிக்கலாம் என்றாரே, அதில் எது எங்கே அடித்தது என்று யாருக்குத் தெரியும்?

ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகளை ஷெட்டுக்குக் கூட்டிப்போய், இந்தக் கார் எந்த வருடத்தது என்று கேட்டேன். ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். ஒரு பிள்ளை மட்டும், "எதைத் தொட்டுக் கேட்கிறீங்க சேர்?" என்றது.

நாநாவும் நானும் பேசி முடித்தது: எதையும் கழற்றுவதில்லை. பில்களின் பிரதியோடு, இருக்கிறபடியே எடுப்பதென்றால் எடுக்கலாம், பாதி விலையிலிருந்து கொஞ்சம் ஏறி வாருங்கள் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் ராத்தாவின் மகளின் செலவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். நாநா அதைப் பற்றி என்னோடு இன்னும் கோபம்தான்.

ஊரவர்களிடம் ஒரு உதவி. கழற்றிய சிக்னல் கை இரண்டையும் மூத்தாப்பா யாருக்கோ கொடுத்ததாக உம்மா சொல்கிறார். உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது கிடந்தால் திருப்பித் தர வேண்டாம். ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அந்தக் காரில் மாப்பிள்ளை போன பழைய கல்யாணப் படங்கள் இருந்தாலும் அனுப்புங்கள், கிரில் தெரிகிற மாதிரி.