கறுப்பு நிலத்திலிருந்து சென்-தெனிக்கு: தென்னாபிரிக்க முன்கள வீரர் பாரிஸுக்கு வந்த பாதை

பாரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் 'டி' ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சென்-தெனியிலுள்ள ஸ்தாத் து பிரான்ஸ். தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகிற நம்மவர்கள் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த மைதானத்தில் றக்பி ஆடிய சில தென்னாபிரிக்கர்களின் பெயர்கள் பிரெஞ்சுப் பெயர்கள். பிரான்சில் புரட்டஸ்தாந்தினருக்கு உரிமை தந்த நாந்த் ஆணை 1685இல் நீக்கப்பட்டபின் உயிர் தப்பி ஓடிய புரட்டஸ்தாந்து அகதிகளில் ஒரு பகுதியினர் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் குடியேறினர். லா ரோஷெல் பக்கத்து த வில்லியே சகோதரர் மூவர் அங்கே இறங்கியது 1689இல். லு ரூ, து துவா குடும்பப் பெயர்களும் அப்படிப் போனவையே. த வில்லியே அங்கே டி வில்லியர்ஸ் ஆனது, து துவா டு டொய்ட் ஆனது.

கேப் டவுனுக்கு வடக்கே உள்ள கோதுமைச் சீமை சுவார்ட்லாந்து; 'கறுப்பு நிலம்' என்று பொருள். மழைக்குப் பின் கறுத்துத் தெரியும் ஒருவகைப் புதர் தந்த பெயர் என்பர். அதன் மால்ம்ஸ்பரி ஊரில் 1972இல் பிறந்தவர் பீட்டர் டி வில்லியர்ஸ். நிறவெறி ஆட்சியால் ஒதுக்கிவைக்கப்பட்ட தென்னாபிரிக்க றக்பி 1992இல் உலக அரங்குக்குத் திரும்பியது. இரண்டே ஆண்டில், 1994இல், அவர் ஸ்தாத் பிரான்செ கழகத்துக்கு வந்துவிட்டார். அப்போது அது மேற்பிரிவில்கூட இல்லை. ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுப்பதை விதியும் அனுமதிக்கவில்லை. அந்தத் தடை நீங்கியது 1995 ஆகஸ்டில். நீக்கிய கூட்டம் நடந்ததும் பாரிஸில்தான். 1997இல் மேற்பிரிவுக்கு ஏறிய கழகம், 1998 இறுதிப் போட்டியில் பெர்ப்பினியானை 34–7 என வென்றது. மைதானம் அதே ஸ்தாத் து பிரான்ஸ்.

டி வில்லியர்ஸின் இடம் மூன்றாம் இலக்கச் சட்டை. பிரெஞ்சில் 'பிலியே', அதாவது தூண். எட்டுப் பேர் எட்டுப் பேரோடு முட்டும் 'மெலே'யில் இந்த ஆளின் தலை எதிரணியின் இருவருக்கு நடுவே அகப்பட்டிருக்கும். இரண்டு தோளிலும் பாரம். கழுத்து சற்று வளைந்தாலும் வரிசை முழுவதும் சரியும். ஓட்டக்காரன் ஊருக்கு ஊர் கிடைப்பான், இந்தத் தூண் கிடைப்பது அரிது. பிரெஞ்சுக் கழகங்கள் தென்னாபிரிக்காவில் முன்கள வீரரைத் தேடியதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிபு. டி வில்லியர்ஸ் 1999 முதல் 2007 வரை பிரான்சுக்காக 69 ஆட்டங்கள் ஆடினார். பின்னாளில் தென்னாபிரிக்காவுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் மெலே பயிற்றுநராக இருந்தார்.

மால்ம்ஸ்பரிக்குச் சற்று வடக்கே மூரீஸ்பர்க். அங்கே பிறந்த பெர்னார்ட் லு ரூ பாரிஸ் புறநகர் ராசிங் கழகத்துக்கு வந்து, 2013இல் பிரான்சு அணிக்குள் நுழைந்தார். அந்நாளில் ஒரு நாட்டுக்கு ஆட அங்கே மூன்று ஆண்டு வசிப்பே போதும். 2016 டிசம்பரில் பிரெஞ்சு றக்பிச் சம்மேளனத் தலைவர் பெர்னார் லப்போர்த், பிரெஞ்சுக் கடவுச்சீட்டு இல்லாதவர் இனி அணியில் இல்லை என்று அறிவித்தார். வசிப்புக் காலத்தை ஐந்தாண்டாக்க 2017இல் உலக றக்பிச் சங்கமும் தீர்மானித்தது. 'காட் கிடைச்சிட்டுதோ?' என்று வதிவிட அட்டையைப் பற்றிக் கேட்டுக் கேட்டே வயது போன கார்ஜ்காரருக்கு, காகிதம் ஒருவரின் வாழ்வை எப்படித் திருப்பும் என்று விளக்கத் தேவையில்லை. பிரிட்டோரியாவில் பிறந்த பொல் வில்லெம்ஸ பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று, 2019இல் பிரான்சின் சட்டையை அணிந்தார்.

அதே சமயம் மறுபக்கத்திலும் கதவு திறந்தது. வெளிநாட்டில் ஆடுவோர் தென்னாபிரிக்காவுக்காக முன்பே 30 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு 2019 உலகக் கிண்ணத்துக்கு முன் விலக்கப்பட்டது. பிழைப்புக்காக நாட்டுச் சட்டையை மாற்றும் நிர்ப்பந்தம் அத்தோடு குறைந்தது.

2023 அக்டோபர் 15, உலகக் கிண்ணக் காலிறுதி, பிரான்சுக்கு எதிராகத் தென்னாபிரிக்கா, ஸ்தாத் து பிரான்ஸ். தன் எல்லைக் கோட்டுக்கு அருகே பந்தைப் பிடித்த தென்னாபிரிக்க வீரர் டேமியன் வில்லெம்ஸ, உதைத்து அனுப்பியிருக்கலாம். மெலே வேண்டும் என்று கைகாட்டினார். முன்கள எண்மர்மீது அத்தனை நம்பிக்கை. பிரான்சு 28–29 எனத் தோற்றது. இறுதியாட்டமும் அங்கேதான்: நியூசிலாந்துக்கு எதிராகத் தென்னாபிரிக்கா 12–11 என வென்றது. சுவார்ட்லாந்துப் பண்ணையில் வளர்ந்த பீட்டர்-ஸ்டெஃப் டு டொய்ட் அன்று 28 முறை எதிராளியை வீழ்த்தினார். பிரெஞ்சுப் பெயர், தென்னாபிரிக்காவின் பச்சைச் சட்டை.

ஆனால் அந்த அணித்தலைவர் சியா கொலீசியின் பெயரில் பிரான்சு இல்லை. போர்ட் எலிசபெத்தின் ஸ்வீடே கறுப்பினக் குடியிருப்பில் பிறந்து, 12 வயதில் உதவித்தொகை பெற்றுப் படிக்கப் போனவர். கிண்ணத்தை வென்ற கையோடு ராசிங் கழகத்தில் சேர்ந்தார். பாரிஸில் ஒரே பருவம். 2024இல், முன்பு ஆடிய டர்பனுக்கே திரும்பிப் போனார். 1860இல் நம் தமிழ் ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய அதே துறைமுக நகருக்கு.