வோல்ட் எண் சொல்லும் கதை



விடியுமுன் பால்மரம் சீவப் போகத் தலைவிளக்குக்கும், மாலையில் பாட்டுக் கேட்க வானொலிக்கும் பேட்டரி வாங்கிய குடும்பங்கள் நம்முடையவை. பருத்த பேட்டரியிலும் 1.5 வோல்ட், விரல் பருமன் உள்ளதிலும் அதே 1.5 வோல்ட். விலை மட்டும் ஏன் வேறு?

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் இடையே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து அடுக்கினார். அடுக்கு உயர உயர மின் அழுத்தம் கூடியது. வோல்ட் என்பது அவர் பெயரிலிருந்து வந்ததே. 1866-இல் பிரான்சு நாட்டு லெக்லான்சே, துத்தநாகம், மாங்கனீசு ஆக்சைடு, நவச்சார நீர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு மின்கலம் அமைத்தார். இந்தச் சேர்க்கை தருவது சுமார் ஒன்றரை வோல்ட். கலத்தை அண்டா அளவுக்குச் செய்தாலும் அவ்வளவுதான். பெரிதானால் நெடுநேரம் உழைக்கும், அழுத்தம் கூடாது. விலை வேறுபடும் காரணம் இதுவே.

லெக்லான்சேயின் கலம் கண்ணாடிச் சாடியில் இருந்தது. தூக்கி நடந்தால் நீர் சிந்தும். 1886-இல் ஜெர்மானியர் கார்ல் காஸ்னர், சிந்தாத கலவையைத் துத்தநாகக் குவளையில் அடைத்தார். பேட்டரி கைக்கு வந்தது.

வானொலி கைக்கு வரத்தான் நெடுநாள் ஆயிற்று. வால்வு வைத்த பழைய பெட்டிகளுக்கு இருவகை பேட்டரி தேவை. வால்வின் இழையைச் சூடாக்க ஒன்றரை வோல்ட் போதும். ஆனால் ஒலி பிறக்க 67.5 அல்லது 90 வோல்ட் வேண்டும். தொண்ணூறு என்றால் அறுபது கலங்கள்! எந்தத் தொழிலாளி வாங்குவார்?

1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. அதற்குச் சூடாக்கும் இழை வேண்டாம். 1954-இல் விற்பனைக்கு வந்த ரீஜென்சி வானொலிக்கு 22.5 வோல்ட் போதுமானதாக இருந்தது. பிறகு வந்தவை 9, 6, 3 வோல்ட் என இறங்கின. மாலையில் சில மணி நேரமே மின்சாரம் வந்த தோட்ட வீடுகளில் பகலிலும் செய்தி கேட்டது இந்த இறக்கத்தால்தான்.

துளைபோடும் கருவியின் கதை எதிர்த் திசை. அது பாரம் இழுக்கும் மாடு. அழுத்தம் குறைந்தால் திணறும். 1961-இல் கம்பியில்லாத் துளைக்கருவி நிக்கல்-காட்மியம் கலங்களோடு வந்தது, கலத்துக்கு 1.2 வோல்ட். 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் கலம் சுமார் 3.6 வோல்ட் தரும். ஐந்தைக் கோத்தால் 18. சார்ஜ் ஏற்றி எடுத்த வேளையில் கலத்துக்கு 4 வோல்ட், ஆக 20. கடையில் 18 என்றும் 20 என்றும் விற்கும் இவ்வகைக் கருவிகள் இரண்டிலும் அதே ஐந்து கலக் கோவைதான். 20-க்கென்று கூடுதல் காசு கேட்டால், பக்கத்தில் ஆம்பியர்-மணி எவ்வளவு என்று கேளுங்கள்.