முதல் அத்தியாயத்தின் தீர்ப்பு

1979ஆம் ஆண்டு ஏப்ரல் 7, சனிக்கிழமை. மாலை ஐந்தரை மணிக்கு, நகோயா தொலைக்காட்சி நிலையத்தின் தயாரிப்பாக, ‘மொபைல் சூட் கன்டாம்’ என்னும் புதிய அனிமே தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 52 அத்தியாயங்களாகத் திட்டமிடப்பட்ட தொடர் அது. பார்வையாளர் எண்ணிக்கையும் பொம்மை விற்பனையும் எதிர்பார்த்தபடி அமையாததால், 1980 ஜனவரி 26 அன்று 43ஆம் அத்தியாயத்தோடு முடித்துவைக்கப்பட்டது. இன்று ஜப்பானிய அறிவியல் புனைவின் வரலாற்றை எழுதும் எவரும் கன்டாமைத் தவிர்த்து எழுத இயலாது. அப்படியாயின் அந்த முதற்பார்வையில் தவறு எங்கே நேர்ந்தது? படைப்பிலா, பார்த்தவரிடமா, பார்வையை அளந்த கோலிலா? ஒரு புதிய தொடரின் முதல் இரண்டு அத்தியாயங்களைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடும் நம் காலத்தில் இவ்வினாவுக்கு விடை தேடுவது பயனுடையது. (இக்கட்டுரையில் ஜப்பானியர் பெயர்களை அவர்கள் மரபுப்படி குடும்பப்பெயரை முதலில் வைத்தே எழுதுகிறேன்.)

கதை 1963இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரி 1 அன்று டெசுக்கா ஒசாமுவின் ‘டெட்சுவான் ஆட்டம்’ ஒளிபரப்பானது. பிற நாட்டினர் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறிந்த தொடர் இதுவே. விபத்தில் மகனை இழந்த அறிவியலாளர் ஒருவர் அவனைப் போலவே ஓர் இயந்திரச் சிறுவனைப் படைக்கிறார். அவன் வளரவில்லை என்பதைக் கண்டதும் மனம் வெறுத்துச் சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். குழந்தைகளுக்கான தொடர் இத்தகைய துயரத்தோடுதான் தொடங்கிற்று என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் அன்றைய அசைவூட்டக் கலைஞர் பலரின் கண்ணில் முதலில் பட்டது கதையன்று, சிக்கனம். ஒவ்வோர் அசைவுக்கும் தேவையான ஓவியங்களைக் குறைத்து, வாயை மட்டும் அசைத்து, பழைய ஓவியங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வாரம் ஓர் அத்தியாயத்தை டெசுக்காவின் முஷி நிறுவனம் முடித்தது. கலை நோக்கில் இது வீழ்ச்சி என்று கருதியவர் உண்டு. மக்களோ வேறு விதமாகக் கண்டனர். 1964இல் அத்தொடரைப் பார்த்தோர் விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது.

அந்தச் சிக்கனத்தோடு ஒரு பொருளாதாரமும் பிறந்தது. தொலைக்காட்சி நிலையம் தந்த பணம் தயாரிப்புச் செலவுக்குப் போதவில்லை. மிட்டாய்க்கும் பொம்மைக்கும் பாத்திரங்களின் உருவத்தை விற்றே இழப்பை ஈடுகட்ட வேண்டியிருந்தது. 1972 டிசம்பரில் நாகாய் கோவின் ‘மாசிங்கர் இசட்’ வந்தபோது இம்முறை முழு வடிவம் பெற்றது. பெரும் இயந்திர மனிதனின் தலைக்குள் அமர்ந்து ஒரு சிறுவன் அதை இயக்குகிறான். வாரம் ஓர் அரக்க இயந்திரம் வருகிறது. வாரந்தோறும் அது வீழ்கிறது. அந்த இயந்திர மனிதனின் உலோகப் பொம்மை கடைகளில் விற்றுத் தீர்ந்தது. அதன்பின் இயந்திர மனிதத் தொடர் என்றாலே பொம்மை நிறுவனம் பணம் தருவதும், அப்பொம்மையைத் தொடர் வாரம் அரைமணி நேரம் விளம்பரப்படுத்துவதும் வழக்கமாயின. தொடரின் தரத்தை அளக்கும் கோல் கடைக்காரரின் கணக்கேடாக மாறிற்று.

இந்தக் கோலால் அளக்கப்பட்டுத் தோற்ற முதற்பெரும் படைப்பு கன்டாமன்று. 1974 அக்டோபர் 6, ஞாயிறு மாலை தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’வைத்தான் முதலில் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் நிஷிசாகி யோஷினோபு. இயக்கமும் உருவாக்கமும் மட்சுமோட்டோ லெய்ஜி. ஆண்டு 2199. வேற்றுக் கோளினரின் குண்டுகளால் பூமியின் மேற்பரப்பு கதிரியக்கத்தால் நஞ்சாகிக் கிடக்கிறது, கடல்கள் வற்றிவிட்டன, மனித இனத்துக்கு எஞ்சியிருப்பது ஓராண்டு. வற்றிய கடலடியில் துருவேறிக் கிடக்கும் பழைய போர்க்கப்பலை விண்கலமாக மாற்றி, 1,48,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள இஸ்காண்டர் கோளுக்கு, கதிரியக்கத்தை நீக்கும் கருவியைத் தேடிப் புறப்படுகின்றனர்.

அதே நேரத்தில் மற்றொரு நிலையத்தில் ‘ஆல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைதி’ ஓடிக்கொண்டிருந்தது. தகாஹத்தா இசாவோ இயக்கி, மியாசாகி ஹயாவோ பங்களித்த அத்தொடரைக் குடும்பம் முழுவதும் அமர்ந்து பார்த்தது. யமாட்டோ அதன்முன் நிற்க இயலாமல் 26 அத்தியாயங்களோடு 1975 மார்ச்சில் முடிந்தது. ஹைதியும் உயர்ந்த படைப்பே. ஆகவே இதை மட்டமான இரசனை நல்ல படைப்பை வீழ்த்திய கதையாக நாம் சொல்லிவிட முடியாது. ஒரே அரைமணி நேரத்தில் இரண்டில் ஒன்றையே காணக்கூடிய காலத்தின் இடுக்கண் அது. வீட்டில் ஒளிநாடாவில் பதிந்து பின்னர் பார்க்கும் வசதி அன்று பரவியிருக்கவில்லை.

யமாட்டோவின் முதற்பார்வையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. யமாட்டோ கற்பனைப் பெயரன்று. உலகின் மிகப்பெரிய போர்க்கப்பலாக இருந்து, ஒகினாவாவை நோக்கிய திரும்பிவரா வழிப்பயணத்தில், 1945 ஏப்ரல் 7 அன்று அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட கப்பல் அது. ஏறத்தாழ 3,000 பேர் அதனோடு மாண்டனர். தோற்ற நாட்டின் பிள்ளைகளுக்கு அக்கப்பலை வானில் மிதக்கவிட்டுக் காட்டுவது எதன் பொருட்டு? பழைய பெருமிதத்துக்கு உயிரூட்டவா, அன்றி வீணே மாண்டவர்களுக்கு வாழ்வளிக்கும் பணியொன்றைக் கற்பனையிலேனும் தரவா? முதல் அத்தியாயத்தைக் கண்டவர் இதற்கு விடை கூற முடியாது. எதிரியின் கோளையே அழித்தொழித்த பின், வெற்றியின் நடுவே நாயகன் நெஞ்சுடைந்து, நாம் செய்யவேண்டியது போரன்று, அன்பு செலுத்துவதே என்று புலம்பும் இடம் 24ஆம் அத்தியாயத்தில்தான் வருகிறது. விடையின் ஒரு பகுதியேனும் அங்கேதான் இருக்கிறது.

மறு ஒளிபரப்புகளின் வழியே யமாட்டோ மெல்ல மெல்லத் தன் வாசகரைக் கண்டடைந்தது. ‘வாசகர்’ என்ற சொல்லை அறிந்தே இடுகிறேன். அவர்கள் அதை ஒரு நூலைப் போலப் பயின்றவர்கள். பள்ளி, கல்லூரி மாணவர் குழுக்கள் தோன்றின. 1977இல் தொடங்கப்பட்ட ‘அவுட்’ என்னும் இதழ் தன் இரண்டாம் இதழிலேயே யமாட்டோவுக்குச் சிறப்புப் பகுதி ஒதுக்கியது. அத்தியாயங்களைத் தொகுத்து உருவாக்கிய திரைப்படம் 1977 ஆகஸ்ட் 6 அன்று வெளியானபோது திரையரங்குகளின் முன் இளைஞர் வரிசையில் நின்றனர். அடுத்த ஆண்டில் ‘அனிமேஜ்’ என்னும் மாத இதழ் பிறந்தது. அசைவூட்டம் சிறுவர்க்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் தளர்ந்தது அப்போதுதான்.

இப்பின்னணியில்தான் டொமினோ யோஷியுகி வருகிறார். 1941இல் பிறந்த இவர், டெசுக்காவின் முஷி நிறுவனத்தில் ஆட்டம் தொடரில் பணிபுரிந்து தொழில் கற்றவர். நிஷிசாகியின் தயாரிப்பில் 1972இல் இவர் இயக்கிய ‘கடலின் டிரைட்டன்’ தொடரின் இறுதியில், நாயகனின் இனமே முற்காலத்தில் கொடுமை இழைத்தது என்ற உண்மை வெளிப்பட்டு, அறமும் மறமும் இடம் மாறிவிடுகின்றன. 1977இல் தொடங்கிய ‘சாம்போட் 3’ தொடரில், தங்கள் ஊரைப் போர்க்களமாக்கியவர்கள் என்று நாயகர்களையே மக்கள் தூற்றுகின்றனர். பொம்மை விளம்பரத்துக்காகத் தரப்பட்ட அரைமணி நேரத்துக்குள் டொமினோ வேறொன்றை மறைத்துக் கடத்திக்கொண்டிருந்தார் என்றே கூறலாம்.

கன்டாமின் முதல் அத்தியாயத்தை இனி நோக்குவோம். தொடக்கத்திலேயே குரலொன்று, விண்குடியிருப்பான ஸியோன் பூமிக் கூட்டமைப்புக்கு எதிராகப் போர் தொடுத்ததையும், ஒரு மாத அளவில் மனித குலத்தில் பாதி அழிந்ததையும் அறிவிக்கிறது. பூமியைச் சுற்றும் அந்த உருளை வடிவக் குடியிருப்புகள் அமெரிக்க இயற்பியலாளர் ஜெரார்ட் ஓநீல் 1970களில் முன்மொழிந்த கருத்தை ஒட்டியவை. ஒகவாரா குனியோ வடிவமைத்த இயந்திரங்கள் இங்கே தெய்வ ஆற்றல் பெற்றவையல்ல. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யப்படும் ஆயுதங்கள். ரேடாரைக் குருடாக்கும் ‘மினோவ்ஸ்கி துகள்’ என்னும் கற்பனையைப் புகுத்தி, தொலைவிலிருந்து தாக்கும் போரை ஒழித்து, மனிதவடிவ இயந்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் மோதுவதற்குக் காரணமும் கற்பித்தனர்.

உளவு பார்த்து வருமாறு அனுப்பப்பட்ட மூன்று ஸியோன் வீரரில் ஒருவன், புகழாசையால் கட்டளையை மீறிச் சுடுகிறான். போர் அவ்வாறு குடியிருப்புக்குள் நுழைகிறது. அமுரோ ரே என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், அண்டை வீட்டுத் தோழியின் தாயும் தாத்தாவும் மாண்டு கிடப்பதைக் காண்கிறான். கையேட்டைப் புரட்டிக்கொண்டே கன்டாமில் ஏறி அமர்கிறான். அவன் வெட்டிய முதல் எதிரி இயந்திரம் வெடித்ததில் குடியிருப்பின் சுவர் கிழிகிறது. அக்கிழிசல் வழியே விண்வெளிக்கு உறிஞ்சப்படுகிறவர் கன்டாமை உருவாக்கிய பொறியாளர்; அமுரோவின் தந்தை. மகன் அதை அறியவில்லை.

நாயகன் தன் முதல் வெற்றியிலேயே தந்தையைப் பறிகொடுக்கிறான். அதைத் தொடர் சுட்டிக்காட்டி அழவும் இல்லை. முப்பது அத்தியாயங்களுக்கும் மேல் கடந்தபின் அத்தந்தை மீண்டும் தோன்றுகிறார். உயிர்வளிக் குறைவால் சித்தம் பேதலித்தவர். காலாவதியான ஒரு கருவியை மகன் கையில் கொடுத்து, கன்டாமில் இதைப் பொருத்து, அரிய ஆற்றல் வரும் என்கிறார். அமுரோ வெளியே வந்து அதை வீசி எறிகிறான். முதல் அத்தியாயத்தின் பொருள் இங்கேதான் நிறைவுறுகிறது. நெடுங்கதையின் தொடக்கம் ஒரு விதை. அதை நறுக்கிப் பார்த்து மரத்தின் உயரத்தைக் கூற முடியாது.

ஆனால் 1979இல் அந்த மாலைநேரப் பார்வையாளராக எண்ணப்பட்டவர் யார்? பொம்மை வாங்கும் வயதுச் சிறுவர். அவர்கள் எதிர்பார்த்தது வாரம் ஓர் அரக்கன். கிடைத்ததோ, களைத்துப்போன அகதிகள் நிரம்பிய கப்பலும், எதிரியாகிய சார் அஸ்னபுளின் பழிவாங்கும் ஏக்கமும், போருக்குச் செல்ல மறுத்துப் படுத்துக்கிடக்கும் நாயகனும். பணம் தந்த குளோவர் பொம்மை நிறுவனம் கவலையுற்றதில் வியப்பில்லை. தொடரின் நடுவே புதிய போர்விமானமொன்று நுழைந்தது பொம்மைக்காகவே. பின்னர் திரைப்படங்களைத் தொகுத்தபோது டொமினோ அதை நீக்கி வேறு விமானத்தை வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பாத்திரங்களை வரைந்த யசுஹிகோ யோஷிகசு பிற்பகுதியில் நோயுற்று விலக நேர்ந்தது. இறுதி அத்தியாயங்களின் அவசரத்தையும் ஓவியத் தளர்ச்சியையும் இன்றும் காணலாம். நிறுத்தப்பட்ட படைப்பு என்பதாலேயே அதைக் குறையற்றது என்று போற்றவேண்டியதில்லை.

அளவுகோலுக்குள் அடங்காத மற்றொரு கூட்டமும் இருந்தது. யமாட்டோவால் பயிற்றுவிக்கப்பட்ட பதின்பருவத்தினர், அவர்களுள் கணிசமான பெண்கள், இதழ்களுக்குக் கடிதம் எழுதினர், குழு அமைத்தனர். அவர்கள் உலோகப் பொம்மை வாங்கும் வயதைக் கடந்தவர்கள். ஆகவே கடைக்காரரின் ஏட்டில் அவர்களுக்குப் பெயரில்லை. மறு ஒளிபரப்புகள் அக்கூட்டத்தைப் பெருக்கின. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென் விலையில், தாமே ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரியை வெளியிட்டது. அதே கன்டாம்தான். ஆனால் சிறுவன் உருட்டி விளையாடும் பொம்மையாக வரவில்லை. இளைஞன் பொறுமையுடன் பொருத்தி வண்ணம் தீட்டும் மாதிரியாக வந்தது. 1981 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தின் முன்னே, திரைப்பட வெளியீட்டுக்கு முன்னோட்டமாகப் பல்லாயிரம் இளைஞர் திரண்ட கூட்டத்தில், அசைவூட்டத்தின் புதிய நூற்றாண்டு பிறந்ததாகப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. மார்ச் 14 அன்று முதல் திரைப்படம் வந்தது. 1982இல் மூன்றாவது வந்தபோது, உடல்நலம் தேறிய யசுஹிகோ பல காட்சிகளைப் புதிதாக வரைந்திருந்தார். குளோவர் நிறுவனமோ 1983இல் நொடித்துப்போயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து, காலம் எப்போதும் நீதி வழங்கும் என்ற ஆறுதலான முடிவுக்கு வந்துவிடலாகாது. மறு ஒளிபரப்பும், இதழ்களும், கடிதம் எழுதும் பழக்கமும் வாய்த்ததால்தான் யமாட்டோவும் கன்டாமும் மீண்டன. அவை வாய்க்காமல் மறைந்தவற்றின் பெயர்களை நாம் அறியப்போவதில்லை. காலம் தானாகத் தீர்ப்பைத் திருத்துவதில்லை; திரும்பப் பார்க்கும் மனிதர்களே திருத்துகின்றனர். யமாட்டோவை அது தோற்றுக்கொண்டிருந்தபோதே பதினான்கு வயதில் பார்த்து மயங்கிய அன்னோ ஹிதேயாகி என்னும் சிறுவன்தான், 1995இல் ‘நியான் ஜெனசிஸ் இவாஞ்சலியன்’ தொடரை இயக்கினார். சரியான முதற்பார்வை ஒன்றேனும் 1974இல் இருந்தது. அதை எண்ணும் கருவிதான் எவரிடமும் இல்லை.

இன்று பன்னிரண்டு, பதின்மூன்று அத்தியாயங்களில் முடியும் தொடர்களே மிகுதி. முதல் மூன்றைப் பார்த்துத் தொடரலாமா விடலாமா என முடிவு செய்வது அனிமே இரசிகரிடையே எழுதா விதி. வாழ்நாள் குறுகியது, படைப்புகளோ மிகப் பல. ஆகவே அவ்விதியைக் குறைகூற மாட்டேன். பார்க்காமல் விடும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. ஆயினும் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கும் ‘இது சிறந்ததன்று’ என்பதற்கும் இடையே ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதிய தொடரின் முதல் அத்தியாயத்தைக் கண்டு எழுதுகிறவர் கேட்கத்தக்க கேள்விகள் எளியவை. இது யாரை நோக்கிப் பேசுகிறது? அவர் நான்தானா? இங்கே எதையேனும் சொல்லாமல் விட்டிருக்கிறார்களா? அமுரோவின் தந்தை விண்வெளியில் மறைந்த அந்தச் சில நொடிகளை, 1979 ஏப்ரலில் எத்தனை பேர் தம் குறிப்பில் எழுதி வைத்திருப்பார்கள்?