துறைவழி ஒற்றுமை: 1949 பிளவை மீண்டும் வாசித்தல்

1949 ஜனவரியில் பாரிஸில் கூடிய உலகத் தொழிற்சங்க சம்மேளனத்தின் செயற்குழுவிலிருந்து மூவர் வெளியேறினார்கள்: பிரிட்டனின் ஆர்தர் டீக்கின், அமெரிக்காவின் ஜேம்ஸ் கேரி, ஹாலந்தின் எவர்ட் குப்பர்ஸ். அப்போது சம்மேளனத்தின் தலைவராக இருந்தவரே டீக்கின்தான். ஹிட்லரை வீழ்த்திய கூட்டணியின் தொழிலாளர் வடிவமாக 1945 அக்டோபரில் பிறந்த அமைப்பு நான்காண்டுகூடத் தாங்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் லண்டனில் போட்டி அமைப்பாக சுதந்திரத் தொழிற்சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் உருவானது.

இந்தப் பிளவைப் பனிப்போரின் கணக்கில் எழுதிவிட்டு நகர்வதே வரலாற்றாசிரியர்களின் வழக்கம். மார்ஷல் திட்டத்தை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற மோதல் பிளவை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தத் திட்டம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, சம்மேளனம் பிறந்த நாளிலிருந்தே தீராமல் கிடந்த வழக்கு ஒன்று உண்டு. மாலுமிகள், சுரங்கத் தொழிலாளர், உலோகத் தொழிலாளர் என்று துறைவாரியாக அமைந்திருந்த பன்னாட்டுச் செயலகங்கள் யாருக்குக் கட்டுப்பட்டவை என்பதே அது. பன்னாட்டுத் தொழிற்சங்க வரலாற்றின் அச்சு இந்தக் கேள்விதான் என்பது என் வாதம்.

எல்லை தாண்டிய ஒற்றுமை முதலில் எதற்காகத் தேவைப்பட்டது? கருங்காலிகளைத் தடுக்க. 1859–60இல் லண்டன் கட்டடத் தொழிலாளர்கள் ஒன்பது மணி நேர வேலை கேட்டுப் போராடியபோது முதலாளிகள் கதவடைப்பு செய்தனர். ஐரோப்பியக் கண்டத்திலிருந்து ஆள் இறக்கப்படும் என்ற அச்சம் அன்றைய லண்டன் சங்கங்களை விடாமல் துரத்தியது. 1864 செப்டம்பர் 28 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் மண்டபத்தில் முதலாம் அகிலம் தோன்றியதில் அந்த அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. 1866இல் எடின்பரோ தையல் முதலாளிகள் ஜெர்மானியத் தையற்காரர்களை வரவழைத்தார்கள். அங்கே போகவேண்டாம் என்று ஜெர்மன் பத்திரிகையில் எச்சரிக்கை எழுதியவர் கார்ல் மார்க்ஸ். அகிலத்தின் தத்துவச் சண்டைகளைப் பற்றி நூலகம் நிறைய எழுதப்பட்டுவிட்டது. தையற்காரனுக்குத் தையற்காரன் துணை நின்ற இந்தச் சிறிய வேலைக்கு அவற்றில் சில வரிகளே கிடைக்கின்றன. இது பெரிய குறை.

துறைவழி ஒற்றுமையின் தர்க்கம் துறைமுகத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். வேலைநிறுத்தம் நடக்கும் துறைமுகத்தில் கருங்காலிகள் சரக்கேற்றிய கப்பல் வேறொரு துறைமுகத்தில் இறக்கியே ஆகவேண்டும். அங்கே இறக்க மறுத்தால் முதலாளியின் வெற்றி பாதி வழியில் நின்றுவிடும். 1896இல் டாம் மேன், ஹேவ்லக் வில்சன் போன்றோர் லண்டனில் தொடங்கிய அமைப்புதான் பின்னாளில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனமாக வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஹாம்பர்க் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். பதினோரு வாரம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். என்றாலும், ஒரு துறைமுகத்தின் போராட்டம் ஒரு துறைமுகத்துக்குள் முடிவதில்லை என்ற பாடம் சம்மேளனத்தின் அடித்தளத்தில் பதிந்துவிட்டது.

இதை முறையான கொள்கையாக்கியவர் டச்சுக்காரர் எடோ ஃபிம்மன். போக்குவரத்துச் சம்மேளனத்தின் செயலாளராக இருந்த அவர், தேசிய மையங்கள் இணைந்த ஆம்ஸ்டர்டாம் அகிலத்தின் செயலாளர்களில் ஒருவராகவும் 1923 வரை பணியாற்றினார். ஹோர்த்தியின் ஹங்கேரியில் தொழிலாளர் வேட்டையாடப்பட்டபோது, 1920 ஜூன் 20இல் அந்த நாட்டின்மீது ஆம்ஸ்டர்டாம் புறக்கணிப்பு அறிவித்தது. தீர்மானம் எல்லா நாட்டு மையங்களின் பெயரிலும் வந்தது. பாரத்தைச் சுமந்தவர்கள் முதன்மையாக ஆஸ்திரிய ரயில்வே, அஞ்சல், தந்தித் தொழிலாளர்கள். ஆகஸ்ட் 8இல் புறக்கணிப்பு கைவிடப்பட்டது. ஹோர்த்தி ஆட்சி அசையவில்லை. முதலாளிகள் எல்லை கடந்த டிரஸ்டுகளாகத் திரள்கிறார்கள், ஆகவே அகிலத்தின் செங்கற்களாகத் துறைச் சங்கங்களே இருக்கவேண்டும் என்று 1924இல் ஃபிம்மன் நூல் எழுதினார். நாஜி ஆட்சிக் காலத்தில் ஜெர்மன் மாலுமிகளையும் ரயில்வே ஊழியர்களையும் கொண்டு அவர் கட்டிய இரகசியத் தொடர்பு வலை அந்தக் கருத்துக்கு உயிருள்ள சான்று.

1945இன் புதிய சம்மேளனம் இந்தச் செயலகங்களைத் தன் 'துறைப் பிரிவுகளாக' உள்ளிழுக்க விரும்பியது. பணமும் பதவி நியமனமும் மேலிருந்து வரும் என்பது ஏற்பாடு. செயலகங்கள் மறுத்தன, போக்குவரத்துச் சம்மேளனம் முன்னின்று மறுத்தது. 1948இல் பேச்சு முறிந்தது. பிளவுக்குப் பின் உருவான லண்டன் அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் யார் என்று பார்த்தால் இதன் கனம் புரியும்: ஃபிம்மனுக்குப் பின் போக்குவரத்துச் சம்மேளனத்தை நடத்திய ஓல்டன்ப்ரூக். 1951 மிலான் உடன்பாடு செயலகங்களின் தன்னாட்சியை ஒப்புக்கொண்டது. பனிப்போர் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், ஒரே முகாமுக்குள் இப்படியோர் உடன்பாட்டுக்கு அவசியமே வந்திராது.

அந்தத் தன்னாட்சியின் பலனும் கண்முன்னே உண்டு. கப்பலின் உண்மை உரிமையாளர் ஒரு நாட்டில் இருக்க, பனாமாவிலோ லைபீரியாவிலோ பதிந்து கூலியைக் குறைக்கும் வழக்கத்துக்கு எதிராக 1948இல் ஓஸ்லோ மாநாட்டில் போக்குவரத்துச் சம்மேளனம் இயக்கம் தொடங்கியது. 1958 டிசம்பர் 1 முதல் 4 வரை பல நாட்டுத் துறைமுகங்களில் அத்தகைய கப்பல்களைத் தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். எந்த அரசியல் அகிலமும் இவ்வளவு நீண்ட பன்னாட்டுக் கூட்டுப் பேரத்தை நடத்தியதில்லை.

ஆயினும் துறைவழி ஒற்றுமையைப் புனிதப்படுத்த நான் தயாரில்லை. 1946இல் சியாட்டிலில் நிறைவேறிய கடல்தொழிலாளர் ஊதிய உடன்படிக்கை, தேர்ந்த மாலுமிக்கு மாதம் 16 பவுண்டு அல்லது 64 டாலர் அடிப்படை ஊதியம் என்றது. அடுத்த விதியே, வழக்கத்தைவிட அதிக ஆட்களை அமர்த்தும் கப்பல்களில் அந்த ஊதியத்தைச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றது. யாருடைய கப்பல்கள் அவை? இந்திய, சீன மாலுமிகள் கூட்டமாக, குறைந்த கூலிக்கு வேலை செய்த கப்பல்கள். ஒரே கடல், ஒரே வேலை, இரண்டு கூலி. உடன்படிக்கை நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் அந்த விதியை எழுத மேசையில் இருந்தவர்களில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு.

மலாயாவின் கதை இதைவிடக் கடுமையானது. போருக்குப் பின் பால்மரத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் தமிழரும் சீனரும் சேர்ந்து கட்டிய அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் தொழில் பேதம் பாராமல் இணைந்தது. அதன் வலிமையும் அதுவே. 1948இல் ஆங்கிலேய அரசு தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. ஒத்த தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகலாம். நிர்வாகிகளுக்கு அந்தத் தொழிலில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். ஐரோப்பாவில் உழைப்பாளிகளே தேர்ந்தெடுத்த துறைக் கோட்பாடு, மலாயாவில் அவர்களைக் கூறுபோடும் கோடரியாயிற்று. சம்மேளனம் சட்டவிரோதமானது, ஜூனில் அவசரநிலை வந்தது. தமிழ்நாட்டில் பிறந்து அந்தச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பாரிஸ் வெளிநடப்பு நடந்து நான்கு மாதமே ஆகியிருந்தது. பிளவின் வரலாறுகள் பாரிஸ், லண்டன் அறைகளுக்குள்ளேயே நிற்பதால் இந்தத் தூக்குமேடை அவற்றின் கண்ணில் படுவதில்லை.

1954இல் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று மட்டும் தேசிய சங்கம் உருவானது. அதை வழிநடத்திய பி. பி. நாராயணன் பின்னர் லண்டனில் பிறந்த அந்தச் சுதந்திரச் சம்மேளனத்துக்கே தலைவரானார். சங்கம் ஊதிய ஒப்பந்தங்களைப் பெற்றுத் தந்தது. ஆனால் 1948 சட்டம் வரைந்த எல்லைக்குள்தான் அது வளர்ந்தது: பால்மரம் சீவுபவருக்கும் துறைமுகத்தில் அந்த ரப்பரைக் கப்பலேற்றியவருக்கும் நடுவே கணபதியின் தலைமுறை போட்டிருந்த பாலத்தை அந்தச் சங்கத்தால் மறுபடி கட்ட முடியவில்லை.