உடைமைக்கும் பயிற்சி வேண்டும்: தமிழ்நாட்டுக் குடும்ப நிறுவனங்களில் வாரிசுரிமை

குடும்ப நிறுவனங்களின் வாரிசுத் திட்டம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றுகிறது: அடுத்த நிர்வாக இயக்குநர் யார்? மூத்தவரா, படித்தவரா, வெளியிலிருந்து வரும் தொழில்முறை நிர்வாகியா? இந்தக் கேள்வி அவசியமானதுதான். ஆனால் அண்மையில் தமிழகப் பெருங்குடும்பங்களில் எழுந்த பிணக்குகள் வேறிடத்தில் தொடங்கியவை. நிறுவனத்தை நடத்துவது ஒரு பொறுப்பு. அதை உடைமையாக வைத்திருப்பது இன்னொரு பொறுப்பு. முதலாவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகிறோம். இரண்டாவதற்குப் பிறப்பு ஒன்றே போதும் என்று இருந்துவிடுகிறோம். இந்த இடைவெளியே தலைமுறை மாற்றத்தில் நிறுவனங்களைப் பிளக்கிறது என்பது என் வாதம்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தாரின் வட்டிக்கடைகள் இதை வேறு விதமாகக் கையாண்டன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போன காலத்தில், முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். கடையை மேலாள் நடத்தினார். மேலாளுக்கு வழக்கமாக மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் கைக்கு வரும், தவணை முடிந்தால் லாபத்தில் பங்கு உண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள், கணக்கர், கடைசியில் பெட்டியடிப் பையன். மேலாளின் மனைவி மக்கள் ஊரிலேயே இருந்தார்கள். கடல் கடந்த கடையில் அவர் தவறினால் அவருடைய குடும்பம் அதே கோயில், அதே சம்பந்த வட்டத்தில் முகம் கொடுக்க வேண்டியிருந்தது. உடைமையும் நிர்வாகமும் இப்படித் தெளிவாகப் பிரிந்திருந்தன.

இந்தப் பிரிவினையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதன் மறுபாதிக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. முதலாளியின் மகனும் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, பல வேளைகளில் உறவினர் கடையில், கணக்கு எழுதப் பழகினான். அப்பாவின் கடையில் முதலாளி மகன் எப்போதும் முதலாளி மகன்தான். அடுத்தவர் கடையில்தான் அவனுடைய பேரேட்டுப் பிழை பிழையாகப் பார்க்கப்படும். அவன் பின்னாளில் எந்தக் கடையையும் தானே நடத்தாமல் போகலாம். ஆனால் ரங்கூனிலிருந்து வரும் ஐந்தொகையைப் பிரித்ததும் வாராக்கடன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். திருமணமானதும் மகனை 'வேறு வைக்கும்' வழக்கமும் இதே நோக்குடையது. ஒரே வீட்டுக்குள் தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு என்று தனிப் படி. அதற்குள் குடித்தனம் நடத்த வேண்டும். உடைமையாளராக இருப்பது எப்படி என்பதை இந்த முறை சிறு அளவில் கற்பித்தது.

இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமல்ல. 1930களின் பெருமந்தத்தில் பர்மாவின் நெல் விலை சரிந்தபோது, தேர்ந்த மேலாட்கள் இருந்தும் கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்து குவிந்தன. முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் 1938க்குள் செட்டியார் கைக்கு வந்தது. போருக்குப் பின் அதுவும் போயிற்று. மேலும் இந்தப் பயிற்சி ஆண்பிள்ளைக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மணமகளின் சீதனப் பணம் கடையில் வட்டிக்கு வளர்ந்தது, அவள் பெயரில் கணக்கு இருந்தது. கடைக்கு அவள் கடன் கொடுத்தவள்; கடையின் கணக்கைக் கேட்கும் இடத்தில் அவள் இல்லை.

சட்டம் அந்த இடத்தை மாற்றிவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. 2005இல் நாடு முழுதும் அது வந்தது. 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் எஞ்சிய ஐயங்களைத் தீர்த்தது. பங்கு மகளுக்குப் போகிறது. மேசைக்கு அழைப்பு போவதில்லை. முருகப்பா குழுமத்தில் 2017இல் எம்.வி.முருகப்பன் காலமானபின் அவருடைய பங்குகள் மனைவிக்கும் இரு மகள்களுக்கும் உரியவையாயின. மூத்த மகள் வள்ளி அருணாசலம், அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தாய் நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் அவர் இடம் கேட்டபோது, 2020 செப்டம்பர் பொதுக்கூட்டத்தில் 91 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகள் எதிராக விழுந்தன. 2023இல் சமரசம் ஏற்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட இங்கே என்னை உறுத்துவது வேறு. எட்டு விழுக்காட்டளவு பங்கு ஒரு கிளையிடம் போய்ச் சேரும் என்பது பல பத்தாண்டுகள் முன்பே தெரிந்த செய்தி. அந்தப் பங்கை ஏந்தப் போகிறவர்களுக்கு எந்த இடம் என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தால், அது வாக்கெடுப்பு வரை வந்திருக்குமா?

டிவிஎஸ் குடும்பம் எதிர்த்திசையில் போனது. டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தாய் நிறுவனத்தின் பங்குகள் அவருடைய நான்கு மகன்களின் கிளைகளுக்கும் பொதுவாக இருந்தன. நிறுவனங்களையோ கிளைகள் தனித்தனியே நடத்தின. 2020 டிசம்பரில் செய்துகொண்ட குடும்ப ஒப்பந்தம், யார் நடத்துகிறார்களோ அவர்களிடமே உடைமையும் சேரட்டும் என்றது. 2022இல் அது நிறைவேறியது. நடைமுறைக்கு உகந்த, கண்ணியமான தீர்வு. அதே குடும்பக் கிளைகளில் மகள்களும் நிர்வாகத்துக்கு வந்திருக்கிறார்கள். சுந்தரம் பாஸ்டனர்ஸின் நிர்வாக இயக்குநராக ஆரத்தி கிருஷ்ணா 2018இல் பொறுப்பேற்றார். ஆனாலும் பங்கையும் நாற்காலியையும் ஒன்றாக்குவது ஒரு தலைமுறைக்கான விடை. ஒரு கிளையில் மூன்று பிள்ளைகள் இருந்து ஒருவர் மட்டும் தொழிலுக்கு வந்தால், மற்ற இருவரிடமும் நடத்தாத உடைமை மறுபடி முளைக்கும்.

தொழில்முறை நிர்வாகியை அமர்த்திவிட்டால் சிக்கல் தீரும் என்பார்கள். மேலாள் முறை காட்டுவது இதற்கு நேரெதிரானது. கணக்குப் படிக்கத் தெரிந்த முதலாளி இருந்ததால்தான் மேலாளிடம் கடையை ஒப்படைக்க முடிந்தது. பங்கு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஐந்தொகை புரியாவிட்டால், நல்ல நிர்வாகியின் நீண்டகால முதலீடும் அவர்கள் கண்ணுக்கு ஈவுத்தொகைக் குறைவாகவே தெரியும்.

பெருங்குழுமங்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். என் கவலை கரூர், சிவகாசி, திருப்பூர்ப் பாகஸ்தர் நிறுவனங்களைப் பற்றியது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஒரு பாகஸ்தர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும் என்கிறது 1932ஆம் ஆண்டுப் பாகஸ்தர் சட்டம். பல பத்திரங்கள் இந்த இடத்தில் மௌனமாக இருக்கின்றன, அல்லது மகன்களை மட்டும் குறிப்பிடுகின்றன. வெளியூரில் வாழும் மகளின் பங்கை எந்த முறையில் மதிப்பிடுவது, விலகுகிறவருக்கு எத்தனை தவணையில் பணம் தருவது, பதினெட்டு வயது நிரம்பிய வாரிசுகள் அனைவரையும் அமர்த்தி ஆண்டுக் கணக்கை வரிவரியாக விளக்குவது யார் பொறுப்பு: இம்மூன்றும் பத்திரத்தில் ஏற வேண்டும், தொடங்கியவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே.