கல்லூரிக்கு முன்பே கூடிய சபை
அலிகர் அறிவியல் சங்கத்தின் வரலாறும் நமக்கான படிப்பினையும்



அலிகர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது அங்குள்ள முஸ்லிம் பல்கலைக்கழகமாகும். அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது 1920ஆம் ஆண்டில். அதற்கு மூலமாக அமைந்த கல்லூரிக்கு 1877ஆம் ஆண்டு ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கல்லூரிக்கும் முன்னோடியான பள்ளிக்கூடம் 1875இல் தொடங்கப்பட்டது. இவை பலரும் அறிந்த செய்திகளே. ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்திற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் ஒன்றுகூடி அறிவியலைப் பேசவும் மொழிபெயர்க்கவும் தொடங்கினார்கள் என்பதை நம்மில் அறிந்தோர் குறைவு. கட்டடங்கள் பின்னர் வந்தன. சபையே முதலில் கூடியது. அந்த வரலாற்றை இங்கு சுருக்கமாகக் காண்போம்.

1857ஆம் ஆண்டின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் வட இந்திய முஸ்லிம்களின் நிலை மிகவும் சீர்குலைந்திருந்தது. தில்லியின் பழைய குடும்பங்கள் பல சிதறிப்போயின. ஆட்சியாளர்கள் இச்சமுதாயத்தைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினர். அதே காலத்தில் இரயில் பாதையும் தந்தியும் நீராவி இயந்திரமும் நாட்டின் முகத்தை மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பற்றிய நூல்களோ ஆங்கிலத்தில் இருந்தன. மக்கள் கண்ணெதிரே கண்ட பொருளின் தத்துவம் அவர்களுக்கு எட்டாத மொழியில் பூட்டப்பட்டிருந்தது.

இக்குறையை உணர்ந்தவர் நீதித்துறையில் பணியாற்றிய சர் சையித் அஹ்மத் கான் ஆவார். 1817இல் தில்லியில் பிறந்த அவருக்கு ஆங்கிலப் புலமை மிகவும் குறைவு. ஆகவே, மொழி தெரியாதவனின் தவிப்பை அவர் ஏட்டில் படித்து அறியவேண்டிய தேவை இருக்கவில்லை. காஸிப்பூரில் பணியிலிருந்தபோது, 1864ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அவர் அறிவியல் சங்கத்தை நிறுவினார். பயனுள்ள ஆங்கில நூல்களை உருது மொழியில் தருவது அதன் முதல் நோக்கமாக இருந்தது. அவ்வாண்டிலேயே அவர் அலிகருக்கு மாற்றப்பட்டபோது சங்கமும் அவருடன் அங்கு சென்றது.

சங்கம் வரலாறு, பொருளாதாரம், வேளாண்மை, மின்சாரம் ஆகிய துறைகளின் நூல்களை மொழிபெயர்த்தது. உறுப்பினர்கள் கூடிச் சொற்பொழிவுகளைக் கேட்டனர். கருவிகளைக் கொண்டு சோதனைகள் செய்து காட்டப்பட்டன. புதிய வேளாண் கருவிகளையும் முறைகளையும் பயிரிட்டுப் பார்த்துச் சோதித்தனர். 1866ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் சங்கத்தின் வார இதழ் ஆங்கிலத்திலும் உருதுவிலும் வெளிவரத் தொடங்கியது. கூட்டத்திற்கு வர இயலாதவரின் வீட்டுக்கும் வாரந்தோறும் அறிவு சென்று சேர்ந்தது.

இச்சங்கத்தில் முஸ்லிம்களும் இந்துக்களும் ஆங்கிலேயரும் ஒருங்கே அமர்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கதாகும். 1867இல் சையித் அஹ்மத் கான் காசிக்கு மாற்றப்பட்டபோது, சங்கத்தின் பொறுப்பை ஏற்று நடத்தியவர் ராஜா ஜெய்கிஷன் தாஸ் என்னும் இந்துப் பெருமகன். மின்சாரத்திற்கும் மண்வளத்திற்கும் சமய வேறுபாடு இல்லை என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினார்கள்.

வாரந்தோறும் கூடிப் பேசும் வழக்கம் உலகில் எத்தகைய விளைவைத் தந்துள்ளது என்பதற்கு இலண்டன் ஒரு சான்று. 1660ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், கிரஷாம் கல்லூரியில் ஒரு சொற்பொழிவு முடிந்தபின் பன்னிரண்டு பேர் அமர்ந்து பேசினர். இனி புதன்கிழமைதோறும் கூடுவது, ஆளுக்கு வாரம் ஒரு ஷில்லிங் செலுத்துவது என்று முடிவு செய்தனர். அதுவே பின்னர் உலகப் புகழ் பெற்ற ராயல் சொசைட்டியாயிற்று. 1682இல் மொராக்கோ நாட்டுத் தூதர் முஹம்மது இப்னு ஹத்தூ அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பது நமக்கு வியப்பளிக்கும் செய்தியாகும்.

சையித் அஹ்மத் கானை உலமாக்கள் எதிர்க்கவில்லையா என்று சிலர் வினவலாம். எதிர்த்தார்கள். அவருடைய மார்க்க விளக்கங்கள் பலவற்றை அன்றைய உலமாக்கள் ஏற்கவில்லை, இன்றும் ஏற்பதில்லை. ஆயினும் அதனை அறிவியல் கல்விக்கு எதிரான தீர்ப்பாகக் கொள்வது முறையன்று. அவருக்கும் முன்னரே, 1824இல் மறைந்த தில்லிப் பேரறிஞர் ஷாஹ் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், ஆங்கிலம் கற்பது ஆகும் என்றே ஃபத்வா வழங்கியிருந்தார்கள்.

சங்கத்தின் வரலாற்றில் ஒரு திருப்பமும் உண்டு. தாய்மொழி வழியாகவே புதிய அறிவைப் பரப்ப இயலும் என்று தொடங்கிய அதே சையித் அஹ்மத் கான், 1882இல் கல்விக் குழுவின் முன் சாட்சியமளித்தபோது தம் கருத்து மாறிவிட்டதாகக் கூறினார். உயர்கல்விக்கு ஆங்கிலமே வழி என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். ஆனால் அதே நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மாணவர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அறிவியலைத் தமிழில் மக்களிடம் கொண்டுசென்றது. கல்லூரிப் படிப்பு எம்மொழியில் அமைந்தாலும், சாமானியர் கூடும் சபைக்குத் தாய்மொழியே உகந்தது என்பதை இம்முயற்சிகள் உணர்த்துகின்றன.

அலிகரின் அலை தென்னகத்தையும் தொட்டது. முஸ்லிம் கல்வி மாநாடு 1901இல் சென்னையில் கூடியது. அடுத்த ஆண்டே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாயிற்று. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவியது அச்சங்கமே. இங்கும் சபை முந்தியது, கல்லூரி பிந்தியது.

சகோதரர்களே! நமது சதுரங்கப்பட்டினத்திற்கு இவ்வரலாறு தூரத்துக் கதையன்று. நம் ஊருக்கு அருகிலேயே கல்பாக்கம் இருக்கிறது. அங்கு முதல் அணுமின் உலை 1984இல் வணிகமுறை உற்பத்தியைத் தொடங்கியது. வேக ஈனுலைச் சோதனை 1985இல் தொடங்கியது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது கடல்நீர் அணுமின் நிலையத்தின் நீரேற்று அறைக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அணு உலை எவ்வாறு இயங்குகிறது, கதிர்வீச்சு என்பது யாது, அபாய அறிவிப்பு வந்தால் செய்யவேண்டியது என்ன என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விடை கூற முடியும்? அறிவு இல்லாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும். வீணான அச்சமும் வீணான அலட்சியமும் அந்த ஒரே வேரிலிருந்து முளைப்பவை.

இதற்குப் பெரும் நிதியோ புதுக் கட்டடமோ தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம், தமிழில் விளக்கத் தெரிந்த ஒருவர், தயக்கமின்றிக் கேள்வி கேட்கும் இளைஞர்கள், அக்கம்பக்கத்துச் சகோதர சமயத்தார் — இவ்வளவே போதும். பன்னிரண்டு பேருடன் தொடங்கியதே இலண்டன் சபை என்பதை மறவாதிருப்போம். இது பற்றி நிர்வாகிகளும் ஜமாஅத்தார்களும் வரும் ஆண்டில் கலந்து ஆலோசிக்க வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வல்ல அல்லாஹ் நமக்குப் பயன்தரும் கல்வியை வழங்கியருள்வானாக! ஆமீன்.